மழை விட்டு, ஏர் விட்டு, எருது விட்டு

தை பிறந்துவிட்டால் சாமல்பட்டி, ஊத்தங்கரை, மத்தூர், பர்கூர் பக்கத்துச் சந்தையிலும் டீக்கடையிலும் பேருந்திலும் ஒரே கேள்வி நடமாடத் தொடங்கும்: "உங்க ஊர்ல எப்ப மாடு வுடறீங்க?" பதில் ஊருக்கு ஊர் மாறும். ஓர் ஊரில் காணும் பொங்கலன்று விட்டுவிடுவார்கள். அடுத்த ஊரில் மாசி பிறக்க வேண்டும். இன்னொரு ஊரில் மாரியம்மன் பண்டிகையோடு சேர்த்துப் பங்குனியில் வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் விடும் ஊர்களும் உண்டு.

மதுரைப் பக்கத்துக் கணக்கு வேறு. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். தொலைக்காட்சிகள் இந்த மூன்று நாளையும் நேரலையில் காட்டிவிட்டுக் கேமராவைச் சுருட்டிக்கொள்ளும். அதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு மாட்டு விளையாட்டு என்றால் பொங்கல் விளையாட்டு, தை 3 ஆனால் முடிந்தது என்று தோன்றும். சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் திருப்பத்தூரைத் தாண்டி வந்து சாமல்பட்டியில் இறங்குகிற யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இங்கே தை மூன்று தொடக்கந்தான். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் இந்தப் பருவம் மாதக்கணக்கில் ஓடும்.

பொங்கலுக்குப் பிறகு இத்தனை காலம் ஏன் நீள்கிறது? அனுமதி கிடைக்கத் தாமதம், பரிசுப் பணம், கோயில் பண்டிகைத் தேதி என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அடிப்படைக் காரணம் அந்த விளையாட்டின் பெயரிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கு ஜல்லிக்கட்டு என்று பெயர் இல்லை. எருது விடும் விழா என்று பெயர். இந்த மூன்று சொற்களில் முதல் இரண்டைப் பிரித்துப் பார்த்தால் காலண்டர் தானாக விரியும்.

முதலில் எருது. தமிழில் இந்த விலங்குக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஏறு, காளை, பகடு, விடை, சே, மூரி என்று நிகண்டு நிறையக் கிடக்கும். ஆனால் பேச்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடை உண்டு. காளை என்றால் இளமையும் மிடுக்கும். அதனால்தான் இளைஞனையும் காளை என்கிறோம். ஏறு என்றால் ஆண்மையின் முனைப்பு. சிங்கத்துக்கும் அந்தச் சொல் போகும். எருது என்றால் உழைப்பு. ஏரில் பூட்டுவது, கவலையில் கட்டி நீர் இறைப்பது, பொதி சுமப்பது, களத்தில் தாம்பு ஓட்டுவது, இவையெல்லாம் எருதின் வேலை. "எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா" என்ற பழமொழியில் காக்கை கொத்துகிற புண் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நுகத்தடி அழுத்திய கழுத்தில் இருக்கும். காளையைச் சொல்லி அந்தப் பழமொழி பிறந்திருக்க முடியாது.

இந்தச் சொல் நம்முடையது மட்டுமில்லை. எல்லையைத் தாண்டியும் மேய்கிறது. மலையாளத்தில் எருது. பழைய கன்னடத்தில் 'எர்து', இன்றைய கன்னடத்தில் 'எத்து'. குடகில் 'எத்தி'. தெலுங்கிலும் 'எத்து'தான், தகரத்தை மட்டும் 'பந்து' என்பதில் வருவது போல மெலிதாகச் சொல்வார்கள். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவை எல்லாவற்றையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது. ரகரமும் தகரமும் ஒட்டி உரசி 'எர்து' என்பது 'எத்து' ஆனதைப் பழைய கன்னடமே நடுவில் நின்று காட்டிக்கொடுக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ஒரே தெருவில் மூன்று மொழியும் கேட்கும். அங்கே ஒரு மாட்டைத் தட்டிக்கொடுத்துத் தமிழர் எருது என்பார், கன்னடக்காரர் எத்து என்பார், தெலுங்கர் தன் எத்தைச் சொல்வார். சொன்னது ஒரே சொல்தான்.

இந்தப் பெயரோடு விளையாட்டு சேர்ந்ததற்குப் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் ஒரு கல் சாட்சி இருக்கிறது. பெத்தநாயக்கன்பாளையத்தை அடுத்த கருவந்துறையில் கிடைத்த நடுகல் அது. மாட்டின் மேல் பாய்ந்து இறந்த ஒரு வீரனின் உருவம் அதில் உண்டு. அவன் பெயர் சங்கன். அவன் 'எருது விளையாடிப் பட்டான்' என்று அந்தக் கல் சொல்கிறது. அவனுக்குக் கல் நட்டவன் அவன் மகன். 'ஏறு தழுவி' என்று அங்கே எழுதவில்லை, 'சல்லி கட்டி' என்றும் எழுதவில்லை. எழுத்தறிவு அதிகமில்லாத ஊரில், இறந்தவனை ஊரார் எப்படிப் பேசிக்கொண்டார்களோ அப்படியே வெட்டியிருக்கிறார்கள். சேலம் பக்கத்தில் இன்றும் புழங்குகிற எருதாட்டம் என்ற பெயருக்கும் நம் எருது விடுதலுக்கும் இதைவிட நெருங்கிய மூதாதை எனக்குத் தேவையில்லை.

இப்போது விடு. இந்த வினைக்காகத்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது.

மற்ற வட்டாரங்களின் பெயர்களைப் பாருங்கள். ஜல்லிக்கட்டு என்பதில் வினை கட்டு. கொம்பில் சல்லிக்காசு முடிந்து கட்டியதால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் எருதுகட்டு, அங்கும் கட்டுதான். வடமாடு என்பதில் மாட்டைப் பிணைக்கிற வடம் பெயரிலேயே இருக்கிறது. மஞ்சுவிரட்டில் விரட்டு. சங்கப் பாட்டில் தழுவு. இவை எல்லாமே மனிதன் மாட்டை என்ன செய்கிறான் என்று சொல்கிற பெயர்கள்: கட்டுகிறான், பிணைக்கிறான், விரட்டுகிறான், தழுவுகிறான். வட எல்லையில் மட்டும் பெயர் நேர் எதிராகத் திரும்பி நிற்கிறது. திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்தில் காளை விடும் விழா, மாடு விடும் விழா என்பார்கள். கிருஷ்ணகிரியில் எருது விடும் விழா. மனிதன் இங்கே கையை எடுத்துக்கொள்கிறான். ஓடுவது மாடு.

விளையாட்டும் பெயருக்கு ஏற்றபடிதான் நடக்கிறது. ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தில் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய பாதையில் மாட்டை விடுவார்கள். குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்கு முதல் பரிசு. நொடியையும் நொடியின் பின்னத்தையும் கடிகாரத்தில் பார்த்துச் சொல்வார்கள். யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஓசூர்ப் பக்கத்தில் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி விடுவார்கள். பரிசு வைத்த அந்தத் தட்டியை ஓட்டத்தில் பறிக்க வேண்டும். பல ஊர்களில் கோயில் மாட்டை முதலில் விட்ட பிறகுதான் மற்ற மாடுகள். அந்தக் கோயில் மாடே சாமிக்கு நேர்ந்து 'விட்ட' மாடு.

விடு என்ற வினை நம் பேச்சில் எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வியப்பாக இருக்கும். மழை விட்டாச்சு. ஏர் விட்டாச்சு. பள்ளிக்கூடம் விட்டாச்சு. ஓசூர் சிப்காட்டுப் பக்கம் ஷிப்டு விட்டாச்சு, கம்பெனி விட்டாச்சு. நின்றுபோனது என்று மட்டும் இவற்றுக்குப் பொருளில்லை. இதுவரை ஒன்றில் பிணைந்திருந்தது பிணைப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெயில் ஏறியதும் உழவன் நுகத்தடியிலிருந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்தால் 'ஏர் விட்டது'. விடுப்பு, விடுமுறை, விடுதலை எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. விடை என்று மாட்டுக்கு ஒரு பெயர் இருப்பதைக் காட்டி அதையும் இதோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஒலி ஒன்றுபோல இருப்பதை மட்டும் நம்பி உறவு சொல்லக் கூடாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

அண்டை மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிகிறது. தமிழில் வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரமாகும். நம் விடு அங்கே 'பிடு', முதலெழுத்தைக் 'கம்பு' என்பதில் வரும் பகரம்போல ஒலிக்க வேண்டும். அதிலிருந்து பிறந்த 'பிடுவு' என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் என்ன பொருள் தெரியுமா? ஓய்வு நேரம். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி. தெலுங்கில் 'விடுபு' உண்டு. அதோடு ஆட்டத்தைச் சேர்த்து 'ஆட்டவிடுபு' என்பார்கள், பிள்ளைகளை விளையாட விடுகிற விடுப்பு. தமிழ் விடுமுறை, கன்னட பிடுவு, தெலுங்கு ஆட்டவிடுபு, மூன்றும் சந்திக்கிற மண்ணில் இந்த விழாவுக்கு எருது விடுதல் என்று பெயர் அமைந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. உழைத்த எருதுக்கு விடுமுறை வந்த காலத்தில் அதை ஓட விட்டார்கள். அந்த விடுமுறை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் விழாவுக்கும் வந்தது.

அந்த விடுமுறை எப்போது வரும்? இதற்கு மழையிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை, கடலூர்போல வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பி நிற்கிற மாவட்டம் இதில்லை. தென்மேற்குப் பருவமழையும் இங்கே கணிசமாகப் பெய்யும். இரண்டு மழையும் கைமாற்றிக்கொள்கிற செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை. மானாவாரிக் கொல்லையில் ஆடி, ஆவணியில் விதைத்த கேழ்வரகு இந்த மழையில் கதிர் பிடித்துக் கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். ஊடுபயிராகப் போட்ட அவரையும் துவரையும் பின்னாலே வரும். கதிரைப் போர் போட்டு வைத்துத் தை வாக்கில் களத்தில் போட்டு அடிப்பார்கள். அதுவரைக்கும் எருதுக்கு ஓய்வில்லை. களத்து வேலை முடிந்த பிறகு கொல்லை காலி, வானம் வெளுப்பு, தரை கெட்டி. கோடை மழை விழுந்து மறுபடி ஏர் கட்டுகிற வரையில் எருதுக்கு வேலையில்லை. தையிலிருந்து வைகாசி வரைக்கும் அப்படி ஒரு நீண்ட இடைவெளி. மழை விட்டு, ஏர் விட்டு, பிறகு எருது விட்டார்கள். ஒரே வினை மூன்று முறை வரிசையாக வந்து பருவத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

இலக்கியம் படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுதல் இருக்கிறதே, அது எந்தப் பருவம்? முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார்காலம், ஆவணியும் புரட்டாசியும். முல்லைக்கலியின் முதல் பாட்டே மழை விழுந்து பூ அரும்பிய நிலத்தைக் காட்டித்தான் தொடங்குகிறது. அதாவது பாட்டில் வரும் ஏறு மழைக்காலத்து மண்ணில் நிற்கிறது. நம் எருது வறண்ட மண்ணில் ஓடுகிறது. இரண்டையும் ஒரே கோடாக இழுத்து 'ஈராயிரம் ஆண்டுப் பொங்கல் விளையாட்டு' என்று மேடையில் பேசுவது எளிது. எனக்கு அது போதவில்லை. முல்லை நிலத்து ஆயர்களுடையது மேய்ச்சல் மாடு. அதற்கு ஏர் கிடையாது. மழை பெய்து புல் தழைத்த காலமே அதற்குக் கொழுத்த காலம், திமிர்ந்த காலம். உழவனின் மாட்டுக்கு மழைக்காலம் என்றால் முதுகொடியும் காலம். மேய்ப்பவன் கையிலிருந்து உழுபவன் கைக்கு விளையாட்டு வந்தபோது ஏறு எருது ஆயிற்று, கார்காலம் தையானது. சொல் மாறியதும் பருவம் மாறியதும் சேர்ந்தே நடந்தன என்று நான் நம்புகிறேன்.

மாட்டின் வேலைதான் காலண்டரை எழுதுகிறது என்பதற்கு எல்லைக்கு அப்பால் வேறு சாட்சிகளும் உண்டு. தென் கன்னடம், உடுப்பிக் கடற்கரையில் சேற்று வயலில் எருமைகளை ஓட விடுகிற கம்பளா நவம்பரில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும். முதல் போக நெல் அறுத்த பிறகுதான் அந்தச் சேறு விளையாட்டுக்குக் கிடைக்கும். ஹாவேரி, சிவமொக்கா பக்கத்து ஹோரி ஹப்பா என்ற காளை விழா தீபாவளியை ஒட்டி வரும். அங்கே மாட்டுக்குப் பூசை செய்வது பலி பாட்டியமி நாளில். பழைய மைசூர்ப் பகுதியில் சங்கராந்தியன்று மாடுகளை நெருப்பைத் தாண்ட விடுவார்கள். ஒரே மாநிலத்துக்குள் மூன்று தேதி. மண்ணும் பயிரும் மூன்று விதமாக இருப்பதால் அப்படி.

பருவம் ஏன் இவ்வளவு நீள்கிறது என்ற இதே கேள்வியை உலகத்தின் மறுபக்கத்தில் வேறோர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுக்க நடக்கிற ஆட்டம். அதன் இறுதிக் கட்டமோ கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய குளிரில் நடக்கிறது. ஏன் இவ்வளவு பிந்துகிறது? அங்கும் விடை பெயரிலிருந்து தொடங்கும். இறுதித் தொடருக்கு வேர்ல்ட் சீரீஸ் என்று பெயர் இருந்தாலும், 'ஃபால் கிளாசிக்' என்பது ரசிகர்களின் செல்லப் பெயர். ஃபால் என்றால் இலையுதிர் காலம். 1903இல் பாஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் மோதிய முதல் தொடர் அக்டோபர் 1இல் தொடங்கி 13இல் முடிந்துவிட்டது. அதற்கடுத்த ஆண்டு முதல் பெரும்பாலும் ஓர் அணி பருவத்துக்கு 154 ஆட்டம் ஆடியது. இரண்டு லீக்கிலும் முதலிடம் பெற்றவர்கள் நேராக மோதுவார்கள். 1961இலும் 1962இலும் ஒவ்வொரு லீக்காக 162 ஆட்டத்துக்கு மாறின. 1969இல் இறுதிக்கு முன்னால் ஒரு சுற்று முளைத்தது. 1995இல் இன்னொன்று. 2012இல் மேலும் ஒன்று. 2022 முதல் பன்னிரண்டு அணிகள் பிந்தைய சுற்றுக்கு வருகின்றன. மார்ச் மாதக் குளிருக்கும் முன்னால் தொடக்கத்தை இழுக்க முடியாது. அதனால் நீட்ட வேண்டியதையெல்லாம் வாலில் நீட்டினார்கள்.

அங்கே ஒரு மாதப் பெயர் ஆட்டக்காரனுக்குப் பட்டமானது. 1977 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்த ரெஜி ஜாக்சனுக்கு 'மிஸ்டர் அக்டோபர்' என்று பெயர். அக்டோபர் என்றாலே இறுதிப் போட்டி என்ற அளவுக்கு அந்தச் சொல் பழகிவிட்டிருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்டங்கள் ஒரு வாரம் நின்றன. தொடர் அப்படியே பின்னால் தள்ளிப்போயிற்று. அக்டோபர் 31 இரவு தொடங்கிய ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியது. நவம்பர் பிறந்த சில நிமிடங்களில் டெரெக் ஜீட்டர் ஹோம் ரன் அடித்து அதை முடித்தார். அவரை 'மிஸ்டர் நவம்பர்' என்றார்கள். தொடர் நவம்பர் 4இல் முடிந்தது. காலண்டர் நகர்ந்ததும் பெயரும் கூடவே நகர்ந்துவிட்டது. நம் சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் என்ற பெயர் பிறந்ததும் இதே வழியில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் ஐந்து நாள் ஆட்டம் வைக்க முடியாது, மழை விட்டால்தான் முடியும்.

பேஸ்பால் கதையிலிருந்து நமக்குப் பயன்படுவது ஒன்றுண்டு. ஒரு விளையாட்டின் தொடக்கத்தை வானமும் மண்ணும் தீர்மானிக்கின்றன. முடிவை ஆடுகிறவர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. எருது விடுதலும் அப்படித்தான். களத்து வேலை முடியாமல் தொடங்க முடியாது. எப்போது முடியும் என்பது எத்தனை ஊர் விடுகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல மாடு ஓர் ஊரோடு நிற்பதில்லை. திருப்பத்தூரில் ஓடியது அடுத்து ஊத்தங்கரையில் ஓடும், பிறகு தர்மபுரி எல்லையில் ஓடும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே நாளில் வைத்தால் மாடும் பிரியும், கூட்டமும் பிரியும். அதனால் ஊர்ப் பெரியவர்கள் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டார்கள். எழுதாத அட்டவணை அது. அதன் நீளம்தான் சித்திரை, வைகாசி வரைக்கும் போயிற்று.

பிறகு அரசு அதை எழுதியது. 2009இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது மஞ்சுவிரட்டு, ஊர்மாடு, வடமாடு, எருது விடும் விழா எல்லாம் ஜல்லிக்கட்டு என்ற ஒரே குடைக்குள் கொண்டுவரப்பட்டன. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது, விளையாட்டு தடைபட்டது. 2017 சனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடிய கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டமன்றத்தில் மசோதா. அந்தச் சட்டத்தின் இலக்கணத்தில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, ஆண்டுக்குச் சனவரி முதல் மே வரை என்று மாதம் குறித்திருப்பது. இன்னொன்று, ஜல்லிக்கட்டு என்றால் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அடங்கும் என்று சொல்லியிருப்பது. ஆங்கில மூலத்தில் எருது, விடும், விழா என்ற மூன்று சொல்லையும் இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக அச்சிட்டிருக்கிறார்கள். 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டம் செல்லும் என்றது.

சட்டத்தின் சனவரி–மே எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்த எழுதாத அட்டவணையிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். தை மூன்றோடு முடிகிற மூன்று ஊரை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் மே என்று எழுதத் தேவையே இல்லை. பங்குனியிலும் சித்திரையிலும் விடுகிற ஊர்களுக்காகத்தான் அந்த மே. ஆனால் சட்டத்தின் வரையறையில் முன்னால் நின்றது ஜல்லிக்கட்டு. எருது விடும் விழா 'உள்ளிட்டவை' என்ற வாலில் தொங்குகிறது. இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு 2023 பிப்ரவரி 2ஐ நினைவூட்டுகிறேன். சூளகிரியை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் கூடிய கூட்டம் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது. மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. கல் பறந்தது, தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசினார்கள். அன்று தை 19. பொங்கல் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு இப்படி நடந்ததைப் பார்த்து, பொங்கல் விளையாட்டுக்கு இப்போது ஏன் சண்டை என்று தொலைவில் இருந்தவர்கள் கேட்டார்கள். பெயரைப் புரிந்துகொண்டிருந்தால் பருவத்தையும் புரிந்துகொண்டிருப்பார்கள். கல்லெறிந்தது தவறு, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

விடு என்ற சொல்லுக்கு உள்ளே ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். விட்ட மாட்டுக்குக் கயிறு கிடையாது. பாதையின் இரு மருங்கிலும் நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்துக்குள் அது திரும்பினால் குத்துப்படுவது வேடிக்கை பார்க்க வந்தவர்தான். இங்கே உயிர்ப்பலி நடந்த பல நேரங்களில் இறந்தவர் பார்வையாளர். இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ் என்று விதிகள் கேட்பதை ஊர்க்காரர்கள் தொல்லையாக நினைக்கக் கூடாது. பெயரே எச்சரிக்கிறது.

இன்று கொல்லையில் உழுவது டிராக்டர். ஓசூர் சிப்காட்டின் ஆலைகள் எழுபதுகளுக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஏரிலிருந்து ஷிப்டுக்கு மாற்றிவிட்டன. ஓடுகிற மாடு இப்போது ஓட்டத்துக்காகவே வளர்கிற மாடு. அவற்றில் நிறைய ஹள்ளிகார் இனம், கர்நாடகத்திலிருந்து வருபவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணின் ஆலம்பாடி மாடு குறைந்துகொண்டே போகிறது. ஏரில் பூட்டாத மாட்டை 'எருது' என்று சொல்வது சரியா என்று ஒருவர் வாதாடலாம். என்னைக் கேட்டால் சரிதான் என்பேன். ஏர் போன பிறகும் அந்தப் பெயரும் பருவமும் நிற்கின்றன; இந்த மண்ணில் உழவும் மழையும் எப்படி நடந்தன என்பதற்கு இனி அவைதான் பதிவேடு. பெயரை ஜல்லிக்கட்டு என்று மாற்றி எழுதினால் அந்தப் பதிவேட்டைக் கிழித்ததாகும்.

அதனால் ஒரு வேண்டுகோள். விழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற இளைஞர்களே, பேனர் எழுதுகிறவர்களே, செய்தி அனுப்புகிற நிருபர்களே: மதுரையின் சொல் மதுரைக்கு அழகு, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். நம் விழாவை எருது விடும் விழா என்றே எழுதுங்கள். ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதத்தையும் நாளையும் போடுங்கள். உங்கள் ஊரில் முன்பு எந்த மாதத்தில் விட்டார்கள், களத்து வேலை எப்போது முடிந்தது, முதலில் எந்த மாட்டை விட்டார்கள் என்பதை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தமிழில் சொன்னால் தமிழில், கன்னடத்தில் சொன்னால் அதே கன்னடச் சொல்லில், தெலுங்கில் சொன்னால் அப்படியே தெலுங்கில்.